ஈசிஜி எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, ஜிஎன்எம் நர்சிங் படிப்பு முடித்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். இரவு டியூட்டியில் நான் ஒருத்திதான். டாக்டர் வீடு பக்கத்துத் தெரு, போன் பண்ணினால் வருவார். போன மாதம் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு 54 வயது விவசாயி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நெஞ்சுக்குழியில் எரிச்சல், இரண்டு வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை. “ராத்திரி கறிச்சோறு சாப்பிட்டேன், வாய்வுதான் சிஸ்டர், ஒரு ஊசியைப் போட்டு விடுங்க” என்றார். வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள். நானும் டாக்டருக்குப் போன் போட்டு, வாய்வு என்று ஒருவர் வந்திருக்கிறார் என்றேன். அவர் சொன்ன ஊசியைப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை என்றார். நாற்பது நிமிஷம் கழித்து மறுபடி வேர்த்து, பிபி இறங்கியது. அப்புறம்தான் ஈசிஜி எடுத்தேன். மாரடைப்பு. மதுரைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். ஆனால் “வந்ததுமே ஈசிஜி எடுத்திருக்க வேண்டியதுதானே?” என்று டாக்டர் கேட்டார். அதற்கு முந்தி ஒரு தடவை கேட்காமல் ஈசிஜி எடுத்தபோது, அந்த நோயாளியின் வீட்டார் பில் கட்ட மாட்டோம் என்று சண்டை போட, அலுவலகத்தில் திட்டு வாங்கியது நான்தான். டாக்டர் வரும்வரை ஒரு நர்ஸ் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? தூக்கமே வரவில்லை அக்கா.

- பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்:

அக்கா என்று கூப்பிட்டதால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். மதுரையில் கேஷுவாலிட்டியிலும் இதய தீவிர சிகிச்சைப் பிரிவிலுமாக 23 வருடம் நின்றவள் நான். முதலில் அந்த நாற்பது நிமிஷத்தைப் பேசிவிடலாம்.

அது நஷ்டம்தான். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். நீங்களும் நர்ஸ், சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்திலேயே இதயத் தசை சாக ஆரம்பிக்கிறது, மணிக்கணக்கில் அது பரவிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த நஷ்டம் முழுவதையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சரியான வேலையைச் செய்ததற்காகத் திட்டு வாங்கிய கை அடுத்த தடவை தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அலுவலகம். அதை மாற்றுவதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: ஈசிஜி எடுக்க யாரையும் கேட்க வேண்டாம். தாடையிலிருந்து தொப்புள் வரை, முன்பக்கமோ முதுகுப்பக்கமோ, வலி, எரிச்சல், அடைப்பு, பாரம் என்று பெரியவர் யார் வந்து சொன்னாலும், வாசலில் கால் வைத்த 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்து, அதை டாக்டர் கண்ணில் காட்டிவிட வேண்டும். உலகம் முழுக்க இதுதான் கணக்கு. சர்க்கரை வியாதி உள்ளவர்களும் பெண்களும் வயதானவர்களும் வலி என்றே சொல்லாமல் போகலாம். “மூச்சு வாங்குது”, “ஒரு மாதிரியா வருது”, “கையைத் தூக்க முடியலை” என்பார்கள். அவர்களுக்கும் ஈசிஜிதான்.

வாய்வு என்பது நாம் கடைசியாகச் சொல்ல வேண்டிய பெயர். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் வலி நெஞ்சுக்குழியில் தெரியும், குமட்டும், வாந்தி வரும், ஏப்பம் வரும், நாடி மெதுவாகும், வெளிக்குப் போக வேண்டும் போல இருக்கும். பார்த்தால் அஜீரணம் போலவேதான் இருக்கும். நம் ஊரில் உடனே சோடா, ஓமத்தண்ணீர், பெருங்காயம் என்று ஆரம்பித்து, அது எதுவும் கேட்காமல் போன பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள். ஆகவே நம்மிடம் வரும்போதே ஒன்றிரண்டு மணி நேரம் போயிருக்கும். அல்சர் மருந்து கொடுத்ததும் “பரவாயில்லை” என்று சொன்னால் அது இதயம் இல்லை என்று அர்த்தமாகாது. மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும். உங்கள் விவசாயி விஷயத்தில் ஏமாற்றியது அந்த “பரவாயில்லை”தான். நீங்கள் பார்த்திருக்க வேண்டியது வேர்வையை. பனி கொட்டுகிற நேரத்தில் சட்டை நனைய வேர்த்திருக்கும் ஒருவருக்கு வாய்வு என்று நம்புவது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈசிஜியைவிட எனக்கு உறுத்தியது அந்தப் போன்தான். டாக்டரிடம் “வாய்வு” என்றீர்கள். அது உங்கள் வார்த்தை இல்லை, நோயாளியின் வார்த்தை. தூக்கத்திலிருந்து எழுந்தவர் அதைக் கேட்டு வாய்வுக்கு மருந்து சொன்னார். போனில் நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். “சார், 54 வயது, ஒரு மணியிலிருந்து நெஞ்சுக்குழியில் எரிச்சல், இரண்டு வாந்தி, சட்டை நனைய வேர்வை, பிபி 100க்கு 70, நாடி 52, ஈசிஜி எடுத்து உங்கள் வாட்ஸாப்பில் போட்டிருக்கிறேன், நீங்கள் வர வேண்டும்.” இப்படிச் சொல்லிப் பாருங்கள், எந்த டாக்டரும் படுக்கையில் இருக்க மாட்டார். இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் “ஒரு மணியிலிருந்து” என்பது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று நோயாளியிடமும் கேளுங்கள், மனைவியிடமும் தனியாகக் கேளுங்கள். “இப்பத்தான்” என்பார் அவர். “டிவியில நாடகம் ஓடும்போதே நெஞ்சைத் தடவிக்கிட்டுத்தான் இருந்தாரு” என்பார் அந்த அம்மா.

ஈசிஜியை எடுக்கிற விதத்திலும் நிறைய இருக்கிறது. வேர்த்த நெஞ்சில் ஈசிஜியின் உறிஞ்சு பல்பு ஒட்டாது, வழுக்கி விழும். காஜ் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு ஜெல் போடுங்கள், முடி அதிகமானால் அந்த இடத்தில் மட்டும் ஷேவ் பண்ணுங்கள். நேரே மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள், நடுங்கினால் கோடும் நடுங்கும். பெண்களுக்கு ஸ்கிரீனை இழுத்துவிட்டு, தாலிச் செயினைக் கழற்றச் சொல்லி நேரத்தைப் போக்காமல் தோள்பக்கம் ஒதுக்கி வையுங்கள். கழற்றச் சொன்னால் அங்கேயே ஒரு அழுகை ஆரம்பித்துவிடும். மார்பகத்தின் மேல் பல்பை வைக்காமல், புறங்கையால் மெல்லத் தூக்கி அடியில் வையுங்கள். முதல் இரண்டு பல்பும் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் நம் ஆட்கள் கழுத்தெலும்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பேப்பரில் முதல் லீடில், அதாவது முதல் கோட்டில், எல்லாம் தலைகீழாக வந்தால் இரண்டு கை ஒயரும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எடுத்த பேப்பரில் நேரத்தையும் பெயரையும் பேனாவால் எழுதுங்கள், அப்போது வலி இருந்ததா என்பதையும் எழுதுங்கள். அந்தப் பேப்பர் வெயிலிலும் சூட்டிலும் மங்கிப்போகும், ஆகவே மேஜையில் சமமாக விரித்து, நிழல் விழாமல் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் இந்த மூன்று லீடிலும் கோடு தூக்கியிருந்தால் வலது பக்க நெஞ்சிலும் ஒன்று எடுத்துவிடுங்கள், டாக்டர் நிச்சயம் கேட்பார். முதல் ஈசிஜி நன்றாக இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வலி இருக்கும்வரை கால் மணிக்கு ஒரு தடவை எடுங்கள். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தத்தில் தெரிய சில மணி நேரம் ஆகும், எடுத்ததும் நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஈசிஜி ஓடும்போதே மற்ற வேலைகளும் ஓட வேண்டும். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வைத்து மானிட்டரை மாட்டுங்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் இருந்தால் அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்து வையுங்கள், அறைக்கு வெளியே இருக்கும் மிஷின் இல்லாத மிஷினுக்குச் சமம். இடது முன்கையில் ஒரு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போடுங்கள். வலது மணிக்கட்டை விட்டுவைத்தால் ஆஞ்சியோ பண்ணுகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். பிபி இரண்டு கையிலும் பாருங்கள். 20க்கு மேல் வித்தியாசம் இருந்து, முதுகைக் கிழிக்கிற மாதிரி வலி என்று சொன்னால், அது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிந்ததாக இருக்கலாம். அவருக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தே எமனாகிவிடும். எந்த மாத்திரைக்கும் முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சர்க்கரை டெஸ்ட். ஆக்ஸிஜன் எல்லாருக்கும் போடுவது நாங்கள் படித்த காலத்துப் பழக்கம், ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவான சாச்சுரேஷன் 90க்குக் கீழே போனால்தான் இப்போது போடுகிறோம்.

இனி, செய்யக் கூடாதது. ‘ஊசியைப் போட்டு விடுங்க’ என்பதுதான் நம் பக்கத்தில் பெரிய ஆபத்து. இடுப்பில் டைக்ளோஃபெனாக் போட்டுவிட்டு, பிறகு மாரடைப்பு என்று தெரிந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால், ஊசி போட்ட இடத்துக்குள்ளேயே ரத்தம் கசிந்து தொடை வரை கறுத்து வீங்கிவிடும். அந்த வகை வலி மருந்து இதயத்துக்கும் நல்லதில்லை. நெஞ்சுவலி என்று வந்தவருக்குச் சதையில் எந்த ஊசியும் வேண்டாம். எதுவானாலும் வென்ஃப்ளான் வழியாகத்தான்.

சார்பிட்ரேட் அடுத்தது. ரத்தக்குழாயை விரிக்கும் இந்த மாத்திரையைப் பையில் வைத்திருந்து வீட்டாரே நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். பிபி 100க்குக் கீழே இருந்தாலோ, அடிச்சுவர் மாரடைப்பில் வலது பக்கமும் சேர்ந்து பாதித்திருந்தாலோ, அந்த ஒரு மாத்திரை பிபியை ஒரேயடியாகத் தள்ளிவிடும். ஆகவே பிபி, ஈசிஜி இரண்டையும் பார்த்து டாக்டர் சொல்லாமல் வைக்காதீர்கள். இன்னொரு கேள்வியும் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். மனைவி, மச்சினன் எல்லாரையும் சீட்டுப் போட அனுப்பிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “ஐயா, உங்க உயிருக்காகக் கேட்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன், இந்த ரெண்டு நாளில் வீரிய மாத்திரை எதுவும் போட்டீங்களா?” என்று கேட்க வேண்டும். போட்டிருந்தால் சார்பிட்ரேட் கூடவே கூடாது. எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்கள்.

“ஒரு பாட்டிலாவது ஏத்துங்க சிஸ்டர்” என்பார்கள். நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல், இருமினால் நுரை வருகிறவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றினால் நாமே மூழ்கடித்த மாதிரி ஆகிவிடும். அவரைக் காலைத் தொங்கப்போட்டு நேராக உட்கார வைக்க வேண்டும், நீரை வெளியேற்றும் லாசிக்ஸை எடுத்துத் தயாராக வைக்க வேண்டும். வலது பக்கம் பாதித்து பிபி இறங்கியவருக்கோ திரவம்தான் மருந்து. இரண்டும் நேர் எதிர். அதனால் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து அடி நுரையீரலில் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், பாட்டிலை அவர் முடிவு பண்ணட்டும்.

நடக்க விடாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், அப்போது நான் இருந்த ஒரு மருத்துவமனையில், நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஈசிஜி மிஷினை இன்னொரு வார்டிலிருந்து எடுத்துவரப் போயிருந்தார்கள். “ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்திர்றேன்மா” என்றார். சரி என்றேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கதவை உடைக்க ஆள் வந்து சேர ஐந்தாறு நிமிஷம் ஆயிற்று. இதயம் துடிப்பு மாறி நின்றுபோனால் சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. அவர் பிழைக்கவில்லை. வெளியே அவர் மனைவி அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து நெஞ்சுவலிக்காரர் யார் பாத்ரூம் கேட்டாலும் பெட்பேன்தான். கோபப்பட்டாலும் பெட்பேன்தான். நீங்கள் கேட்ட தூக்கம் வராத விஷயம் எனக்கும் தெரியும் தங்கச்சி.

படுக்கையிலேயே கண் செருகினால், கூப்பிட்டுப் பார்த்து, மூச்சு சரியில்லை என்றால் அந்த விநாடியே நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120, குறைந்தது 5 செ.மீ. ஆழம். இரவில் தனியாக இருக்கிறீர்கள், ஆகவே வாட்ச்மேனுக்கும் ஆயாம்மாவுக்கும் இதைப் பழக்கி வையுங்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆள் ஒழுங்காக அழுத்த முடியாது.

இப்போது அந்தத் திட்டு விஷயம். உங்கள் டாக்டர் “எடுத்திருக்க வேண்டியதுதானே” என்று கேட்டாரே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். “சார், அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்று கேளுங்கள். நெஞ்சுவலி என்று வருபவருக்கு டாக்டரைக் கேட்காமலே ஈசிஜி, மானிட்டர், வென்ஃப்ளான். ஈசிஜியில் மாறுதல் தெரிந்து போனில் அவர் சரி என்றதும் ஆஸ்பிரின் 300 மி.கி. கடித்து மென்று விழுங்க. அதற்கு முன் ஒவ்வாமை, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது உண்டா என்று கேட்க. இப்படி ஒரு பக்கம் போதும். லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டுங்கள். அலுவலகத்திலும் ஒரு நகல் இருக்கட்டும், பில் சண்டை வந்தால் அந்தத் தாள் பேசும்.

இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. கிராமத்தில் அதைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் முடிகிற வேலை, இருபது படுக்கை இருக்கிற இடத்தில் முடியாதா? டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அனுப்புவதைப் பற்றியும் கொஞ்சம். ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்து 120 நிமிஷத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய் விட்டு அடைப்பைத் திறப்பது) நடக்கும் என்றால் நேராக அனுப்புவதுதான் நல்லது. நடக்காது என்றால், 12 மணி நேரத்துக்குள் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். முடிவு டாக்டருடையது. ஆனால் அதற்கான கேள்விகளை நீங்களே கேட்டு வைத்திருந்தால் கால் மணி நேரம் மிச்சம். முன்பு பக்கவாதம் வந்ததா, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, மூன்று மாதத்துக்குள் தலையில் அடிபட்டதா என்று கேளுங்கள். தை, மாசியில் “ஜல்லிக்கட்டுல மாடு தட்டி விழுந்தீங்களா?” என்றே நேராகக் கேட்டுவிடுங்கள். “அடி கிடி ஒண்ணும் இல்லை” என்பார்கள், மாடு முட்டியதை அடியில் சேர்க்க மாட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும்போது பிபி இறங்கும், பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். ஒரு தடவை போட்டவருக்கு மறுபடி அந்த மருந்து ஆகாது, சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

சொந்தக் காரில் அனுப்பாதீர்கள். 108ஐக் கூப்பிடும்போதே மாரடைப்பு, டீஃபிப்ரிலேட்டர் உள்ள வண்டி வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு 40 கி.மீ. சொச்சம், செக்கானூரணி தாண்டி வழியில் இதயம் நின்றால் காருக்குள் யார் என்ன செய்ய முடியும்? வண்டி கிளம்புமுன் எந்த மருத்துவமனைக்குப் போகிறதோ அங்கே கேஷுவாலிட்டிக்குப் போன் போட்டு வயது, வலி ஆரம்பித்த நேரம், ஈசிஜி, கொடுத்த மருந்தும் அதன் நேரமும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு போன் இருந்தால் நாங்கள் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நிற்போம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் எந்த வழி திறந்திருக்கிறது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் திட்ட அட்டையையும் மாத்திரைப் பையையும் வீட்டார் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அந்த விவசாயி மறுபரிசோதனைக்கு வரும்போது பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை டாக்டர் சொல்வதைவிட, அன்று ராத்திரி கூட இருந்த நீங்கள் சொன்னால் கேட்பார்.

அடுத்த இரவு டியூட்டிக்குப் போனதும் முதலில் ஈசிஜி மிஷினைத் திறந்து பேப்பர் ரோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஜெல் டியூப், ஷேவிங் செட், சார்ஜர் எல்லாம் அதே டிராலியில் இருக்கட்டும். டீஃபிப்ரிலேட்டரை ஆன் பண்ணி ஒரு டெஸ்ட் ஷாக் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி இறங்கியிருந்தால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே பிளக்கில் போட்டு, பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.